பி செல்லை ஐஜிஎம்-லிருந்து ஐஜிஜி-க்கு மாற்றுவது: ஆய்வகச் செய்முறை

பி செல் என்பது ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளையணு; ஐஜிஎம், ஐஜிடி, ஐஜிஜி, ஐஜிஇ ஆகியவை ஆன்டிபாடி வகைகள். புதிதாக உருவான மனித பி செல்லின் மேல் ஐஜிஎம், ஐஜிடி ஆன்டிபாடிகள்தான் இருக்கும். அது ஐஜிஜி-க்கு மாற, 14-ஆம் குரோமோசோமில் (ஐஜிஎம்-க்கான) மியூ ஜீனுக்கு முன்னுள்ள ஸ்விட்ச் பகுதியும், (ஐஜிஜி-க்கான) ஒரு காமா ஜீனுக்கு முன்னுள்ள ஸ்விட்ச் பகுதியும் அறுபட்டு ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். ஏஐடி என்சைம் அங்குள்ள சைட்டோசின் என்ற டிஎன்ஏ எழுத்தை யுராசிலாக்குகிறது. யூஎன்ஜி என்ற இன்னொரு என்சைம் அந்த யுராசிலை நீக்க, இழை அறுபட வழி பிறக்கிறது. நடுவில் இருந்த டிஎன்ஏ வளையமாகக் கழன்றுவிடுவதால் அந்தக் குரோமோசோமில் மீண்டும் ஐஜிஎம்-க்குத் திரும்ப வழியில்லை.

50 மில்லி ரத்தம் எடுத்து, 1.077 அடர்த்தியுள்ள ஃபிகாலில் (செல்களை அடர்த்தியால் பிரிக்கும் திரவம்) பிரித்து, நெகட்டிவ் செலக்‌ஷன் காந்த மணிகளால் (இவை வேண்டாத செல்களைப் பிடித்து நீக்கும்) நைவ் பி செல்களை, அதாவது இன்னும் தூண்டப்படாதவற்றை, எடுங்கள். அவசரப்படக் கூடாத கட்டம் இதுதான். ஏற்கெனவே மாறிய மெமரி செல்கள் கொஞ்சம் கலந்தாலும் வேகமாகப் பெருகி, கடைசியில் உங்கள் ஐஜிஜி கணக்கையே பொய்யாக்கிவிடும். ஒரு சிறு பங்கைச் சாயமேற்றிப் பாருங்கள்: ஐஜிடி இருக்க வேண்டும், மெமரி செல்லின் அடையாளமான சிடி27 இருக்கக் கூடாது, ஐஜிஜி 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

பிறகு 5 மைக்ரோமோலார் செல்ட்ரேஸ் வயலட்டில் (செல் பிரியும் ஒவ்வொரு முறையும் பாதியாக மங்கும் சாயம்) 37 டிகிரியில் 20 நிமிடம் வைத்து, சீரம் கலந்த மீடியத்தை ஐந்து மடங்கு ஊற்றி மிச்சச் சாயத்தை அடக்குங்கள்.

96 குழித் தட்டில் (யு வடிவ அடி) குழிக்கு 200 மைக்ரோலிட்டர் மீடியத்தில் ஒரு லட்சம் செல். மீடியம்: ஆர்பிஎம்ஐ, 10 சதவீத சீரம், 50 மைக்ரோமோலார் மெர்காப்டோஎத்தனால். தூண்ட சிடி40 லிகண்ட் (உடலில் டி செல் பி செல்லைத் தூண்டும் புரதம்), மில்லிக்கு 20 நானோகிராம் ஐஎல்-4, 50 நானோகிராம் ஐஎல்-21 (இரண்டும் சிக்னல் புரதங்கள்). லிகண்ட் ஒற்றை மூலக்கூறாக வந்தால், அதைக் கோத்துப் பிடிக்கும் ஆன்டிபாடியும் வேண்டும். இல்லாவிட்டால் சிக்னல் தேறாது. லிகண்ட் மட்டும் உள்ள குழி, எதுவும் சேர்க்காத குழி இரண்டையும் கன்ட்ரோலாக வையுங்கள்.

மூன்றாம் நாளுக்குள் செல்கள் திராட்சைக் கொத்துபோலத் திரள வேண்டும். திரளவில்லையென்றால் முதலில் லிகண்டைச் சந்தேகப்படுங்கள். அன்றே ஏஐடி ஆர்என்ஏ-வையும் அளந்துவிடலாம். ஏழாம் நாள் 2 மில்லிமோலார் ஈடிடிஏ-வில் மெதுவாகப் பிபெட் செய்து கொத்தைக் கலைத்து, இறந்த செல்களை நீக்கும் சாயத்தோடு ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் கருவி) ஓட்டுங்கள்.

ஐஜிஜி செல்கள் சில முறை பிரிந்த பங்கில்தான் தென்பட வேண்டும். ஒருமுறைகூடப் பிரியாத செல்களில் ஐஜிஜி தெரிந்தால் அது ஸ்விட்சிங் அல்ல, கலப்படம். ஐஜிஇ பார்ப்பவர்களுக்கு இன்னொரு பொறி: ஐஎல்-4 செல்லின் மேலுள்ள சிடி23 என்ற புரதத்தைக் கூட்டும், அது வெளியிலிருக்கும் ஐஜிஇ-யைப் பிடித்துக்கொண்டு, மாறாத செல்லையும் மாறியதாகக் காட்டும். மேற்பரப்பு ஐஜிஇ-யைச் சாயமில்லாத ஆன்டிபாடியால் மூடிவிட்டு, செல்லுக்குள் சாயமேற்றுங்கள்.

ஹைப்பர் ஐஜிஎம் (ஐஜிஎம்-லிருந்து மற்ற வகைகளுக்கு மாறுவது பழுதாகும் நோய்) நோயாளியின் செல்களுக்கும் இதே தட்டு உதவும். டி செல்லின் சிடி40 லிகண்ட் பழுதென்றால், வெளியிலிருந்து லிகண்ட் கொடுத்ததும் பி செல்கள் ஐஜிஜி-க்கு மாறிவிடும். ஏஐடி ஜீன் பழுதென்றால் நன்றாகத் திரளும், பிரியும். ஐஜிஜி மட்டும் வராது.