தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் ஒரே பதில்தான். ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டதா? தீபாவளி முடியட்டும். சர்க்கரை பார்த்து மூன்று மாதம் ஆகிறதா? தீபாவளி முடியட்டும். நான்கு நாட்களாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? அதற்கும் அதே பதில். பண்டிகைக் காலத்தில் உடம்பு கெடுவதற்கு லட்டின் மீது பழி போடுகிறோம். லட்டு செய்கிற கெடுதலைவிட இந்தத் தள்ளிப்போடுதல் செய்கிற கெடுதல் அதிகம் என்பது என் கட்சி.

சர்க்கரை நோயாளிகளிடமிருந்தே தொடங்கலாம். பண்டிகை நாளில் அவர்கள் செய்யும் தவறுகள் நேர் எதிரான இரண்டு வகை. இனிப்பு சாப்பிடப்போகிறோமே என்று தாமாகவே ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கொள்வது ஒன்று. இனிப்புக்கு ஈடுகட்டச் சாப்பாட்டை விட்டுவிடுவது இன்னொன்று. இரண்டாவதை யாரும் தவறாகவே நினைப்பதில்லை; கட்டுப்பாடு என்று பெருமைகூடப் பட்டுக்கொள்கிறார்கள். விடியலுக்கு முன் எண்ணெய்க் குளியல், லேகியம், புதுத்துணி, கோயில், வருகிறவர் போகிறவர் என்று காலைப் பலகாரம் பத்து மணிக்குத் தள்ளிப்போகிறது. மாத்திரையோ இன்சுலினோ மட்டும் வழக்கமான நேரத்தில் உள்ளே போய்விடுகிறது. விளைவு, ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். வீட்டில் இருப்பவர்கள் "இரவு தூங்கவில்லை, களைப்பு" என்று சொல்லிப் படுக்க வைத்துவிடுவார்கள். இங்கேதான் ஆபத்து. உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். கைக்கு எட்டிய அதிரசத்தைக் கொடுப்பது உதவாது. அதிலுள்ள எண்ணெய், சர்க்கரை ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழையுங்கள்.

'வெல்லம்தானே' என்ற சமாதானமும் வேண்டாம். உடம்புக்குள் போனால் வெல்லமும் சர்க்கரைதான். சுக்கும் திப்பிலியும் ஓமமும் சேர்ந்த தீபாவளி லேகியத்தை மருந்துக் கணக்கில் எழுதிவிட்டு, அதைத் திரட்டிய வெல்லத்தையும் நெய்யையும் மறந்துவிடுகிறோம். சுண்டைக்காய் அளவு சாப்பிட வேண்டியதைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டால் அதுவும் ஓர் இனிப்புப் பலகாரமே. 'சுகர் ஃப்ரீ' பெட்டியில் சர்க்கரை இருக்காது. மைதாவும் கோவாவும் நெய்யும் இருக்கும். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தீபாவளியன்று அந்தக் கணக்கு காலை ஆறு மணிக்கே தாண்டிவிடும், அதை மறைக்க வேண்டியதில்லை. இனிப்பை வெறும் வயிற்றில் சாப்பிடாமல் உணவுக்குப் பின் சாப்பிடுவதும், அதற்கு ஏற்றபடி இரண்டு இட்லியைக் குறைத்துக்கொள்வதும் நடைமுறைக்கு ஒத்துவரும்.

"நான் இனிப்பைத் தொடுவதே இல்லை, காரம் மட்டும்தான்" என்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் பயம். முறுக்கும் மிக்சரும் ஓமப்பொடியும் உப்பை அள்ளிக் கொடுப்பவை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. ரத்த அழுத்தம் உள்ளவர் தொலைக்காட்சி முன் மிக்சர் டப்பாவோடு உட்கார்ந்தால் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்? பலகாரம் சுட்ட எண்ணெயை மாதக் கடைசி வரை வைத்திருப்பதும் இதே ரகம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கழிவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று கடைகளுக்கு 2018-லிருந்து விதி உண்டு. வீட்டில் அளக்கக் கருவி இல்லை என்றாலும் கண் இருக்கிறது. கறுத்து, நுரைத்து, பிசுபிசுத்த எண்ணெயைக் கொட்டிவிடுங்கள். தெளிவாக இருப்பதை வடிகட்டி ஓரிரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள்.

விருந்துக்குப் பிறகு வரும் நெஞ்சு வலியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நெஞ்சை அடைத்தால் முதலில் வாயு என்போம். ஓமத் தண்ணீர், சோடா, இஞ்சிச் சாறு என்று ஒவ்வொன்றாக வரும். பண்டிகை நாளில் எந்த டாக்டர் இருப்பார் என்ற கேள்வியும் கூடவே வரும். நெஞ்சில் அழுத்தம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை இருந்தால் அது வாயுவா இல்லையா என்று தீர்மானிப்பது ஈசிஜியின் வேலை, பெரியம்மாவின் வேலை அல்ல. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சுத் திணறலாகவும் மாரடைப்பு வரலாம். தெருவில் உள்ள கிளினிக் பூட்டியிருக்கும். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு தீபாவளியன்றும் திறந்திருக்கும்.

இனி சமையலறை. பண்டிகைக்கு முந்தைய இரவு பதினொரு மணிக்கு எட்டிப் பாருங்கள். ஒரு கையால் முறுக்கு நாழியை அழுத்திக்கொண்டு, முழங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தபடி ஒரு பெண் நிற்பாள். பகலில் பரண் ஒழித்து, திரைச்சீலை துவைத்து, மாலையில் கடைக்குப் போய் வந்தவள். எண்ணெய் வாசனையிலேயே பசி அடங்கிவிட்டது என்று இரவு சாப்பிட்டிருக்க மாட்டாள். அதிகாலை மூன்றரைக்கு அலாரம் வைத்திருப்பாள். மறுநாள் அவளுக்குத் தலைவலி வந்தால் கண்பட்டுவிட்டது என்று சுற்றிப் போடுவார்கள். ஏழு வகைப் பலகாரத்தில் பெயர் வீட்டுக்கு, முதுகுவலி ஒருத்திக்கு. இரண்டு வகை வீட்டில் செய்யுங்கள், மற்றதைக் கடையில் வாங்குங்கள். நாழியை அழுத்த ஆண்களின் கைக்கு வலு நிறையவே உண்டு. இதைச் சொன்னால் 'பண்டிகை என்றால் அப்படித்தான்' என்று வாதிடுபவர்கள் பெரும்பாலும் ஹாலில் உட்கார்ந்திருப்பவர்கள்தான்.

மனதைப் பிழிவது பணம். போனஸ் சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். அது கைக்கு வரும் முன்பே நான்கு பேருக்குப் பங்கு போட்டாகிவிடும். தலை தீபாவளி வந்த வீட்டில் நெருக்கடி இரட்டிப்பு. மாப்பிள்ளைக்கு மோதிரமா, சங்கிலியா என்ற பேச்சில் பெண்ணைப் பெற்றவர் தூக்கத்தைத் தொலைக்கிறார். வட்டிக்கு வாங்கியாவது செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் காலத்தின் மிக விலை உயர்ந்த தவறு. எவ்வளவு முடியும் என்று முன்கூட்டியே மகளிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், பாதி பாரம் அங்கேயே இறங்கும். சாவு விழுந்த வீட்டில் அந்த ஆண்டு பண்டிகை இல்லை என்பது வழக்கம். பண்டிகை இல்லை என்பதற்காக ஆளே எட்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று வழக்கம் சொல்லவில்லை. சுற்றிலும் வெடிச் சத்தம் கேட்கும்போது தனியாக இருப்பவரின் மனம் என்ன பாடுபடும்! பேச ஆள் தேவைப்படுபவர்களுக்கு 14416 என்ற இலவச மனநல உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினால் வழியில் கழிப்பறைக்கு என்ன செய்வது என்று பெண்கள் மதியத்திலிருந்தே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் சிறுநீர்க் கடுப்பு தொடங்கும். தண்ணீரைக் குடியுங்கள், பஸ் நிற்கும் இடங்களில் இறங்கி நாலடி நடந்தால் கால் வீக்கமும் குறையும்.

பட்டாசில் கை சுட்டுக்கொண்டால் பற்பசை, பேனா மை, மாவு, மஞ்சள் எதையும் அப்பக் கூடாது. சிகிச்சைக்கு முன் அதையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். காயத்தின் ஆழமும் தெரியாது. ஐஸ் கட்டியும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள், வீங்குவதற்குள் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் நேரே மருத்துவமனைக்கு. ஆஸ்துமா உள்ளவர்கள் தினசரி இன்ஹேலரைப் பண்டிகை வாரத்தில் ஒரு வேளைகூட விடக் கூடாது. தமிழ்நாட்டில் 2018 முதல் காலை 6-7, இரவு 7-8 என்று வெடிக்க நேரம் வகுத்திருக்கிறார்கள்; அந்த நேரங்களில் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பது அவர்களுக்கு நல்லது. நேரம் எல்லாத் தெருவிலும் மதிக்கப்படுகிறதா என்பது வேறு கதை.

பண்டிகை முடிந்து இரண்டு வாரம் வாயைக் கட்டிவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போகும் புத்திசாலிகளும் உண்டு. வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவில் டாக்டரை ஏமாற்றிவிடலாம். எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும். ஐப்பசியில் தின்றது மார்கழியிலும் அதில் தெரியும்.