கணக்கில் சந்தேகம் கேட்பது எப்படி?

“அக்கா, கணக்கு புரியல” என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. எந்த வரியில் நின்றுபோனது என்று காட்டுங்கள். திருவையாற்றில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மாலையில் வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது ரஃப் நோட்டைத்தான். தப்பாகப் போட்டதையும் அழிக்காமல் கொண்டுவர வேண்டும்.

போன வாரம் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். 5, 9, 13 என்று நான்கு நான்காகக் கூடிப் போகும் கூட்டுத் தொடர்வரிசையில் 20-ஆவது உறுப்பு கேட்டிருந்தார்கள். 5 + 20 × 4 = 85 என்று போட்டிருந்தான். சூத்திரம் மனப்பாடம்தான், ஆனால் அதில் உறுப்பின் எண்ணிலிருந்து ஒன்று ஏன் குறைகிறது என்று தெரியாததால் அதை விட்டுவிட்டான். வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனேன். “முதல் தென்னையிலிருந்து இருபதாவது தென்னை வரைக்கும் எத்தனை இடைவெளி, எண்ணுடா தம்பி.” நடந்து எண்ணிவிட்டு, “19” என்றான். ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு 4 என்று புரிந்தது. அப்புறம் அவனே 5 + 19 × 4 = 81 என்று திருத்தினான். பழைய வரி நோட்டில் இருந்ததால்தான் சிக்கல் எங்கே என்று எனக்குப் பிடிபட்டது.

ஒரு தடவைக்கு ஒரு கணக்கு கேளுங்கள், போதும். பரீட்சைக்கு முதல் நாள் வரை தள்ளவே தள்ளாதீர்கள். விளக்கம் கேட்டதும் நோட்டை மூடிவிட்டு, எண்களை மாற்றித் தனியாகப் போடுங்கள்: 7, 10, 13... 15-ஆவது உறுப்பு 49 வருகிறதா?