கீழே விழுந்த கினிப்பன்றி: முதல் இரண்டு நாள்

விழுந்ததும் துள்ளி ஓடினால் அடிபடவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வலியை மறைப்பது அதன் இயல்பு. ஒரு கை நெஞ்சுக்கடியில், மறு கை பின்புறத்துக்கடியில் கொடுத்து, முதுகு வளையாமல் தூக்குங்கள். துண்டு விரித்த சிறிய பெட்டியில், இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். ஏறி இறங்க எதுவும் வேண்டாம்.

பின்னங்கால் இழுபட்டாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

பலரும் கோட்டைவிடுவது சாப்பாட்டில்தான். வலியில் தின்பதை நிறுத்தினால் குடல் இயக்கம் நின்றுவிடும். அரை நாள் தின்னாமல் இருந்தாலே ஆபத்து. புழுக்கை குறைகிறதா என்று பாருங்கள். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். தின்னாவிட்டால், கினிப்பன்றிக்கான தீவனத்தூளை வெந்நீரில் குழைத்து ஆறவைத்து, 1 மி.லி. சிரிஞ்சில் வாயின் பக்கவாட்டிலிருந்து சிறிது சிறிதாகக் கொடுங்கள். நேராகப் பீய்ச்சினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

முன்பல் உடைந்திருந்தால் பொதுவாக இரண்டு மூன்று வாரத்தில் வளர்ந்துவிடும். அதுவரை குடைமிளகாயை மெல்லிய கீற்றாக நறுக்கிக் கொடுங்கள். வைட்டமின் சி-யும் சேரும், அதன் உடல் அதைத் தானாகத் தயாரிக்காது.

வீட்டிலுள்ள வலி மாத்திரை கூடாது. அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தும் கூடவே கூடாது. குடலின் நல்ல கிருமிகள் அழிந்து உயிரே போகலாம்.