சின்னக் கல்யாணத்தைப் பெரிய கடனாக்கும் தவறுகள்

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராயைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் முதலில் நடக்கும் காரியம் மண்டபம் பிடிப்பது. "நாள் நெருங்கிவிட்டால் மண்டபம் கிடைக்காது" என்று மாமா ஒருவர் அவசரப்படுத்துவார். ஐந்நூறு பேர் உட்காரும் மண்டபத்துக்கு அன்றைக்கே முன்பணம் கட்டியாகிவிடும். பிறகு, இருநூறு பேரை மட்டும் அழைத்தால் மண்டபம் வெறிச்சென்று கிடக்குமே என்ற கவலை பிறக்கும். பட்டியல் நீளும், சமையலும் நாற்காலியும் அலங்காரமும் அதன் பின்னாலேயே நீளும். அடக்கமாகச் செய்யலாம் என்று தொடங்கிய குடும்பம் இப்படித்தான் பெரிய கல்யாணத்தில் போய் மாட்டிக்கொள்கிறது. பூவிலும் புகைப்படத்திலும் எவ்வளவு கையைச் சுருக்கினாலும் இந்த ஒரு தவற்றை ஈடுகட்ட முடியாது. எத்தனை பேர் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மண்டபம் அதற்கு அப்புறம்தான்.

வீட்டை எண்ணித் தலையை மறப்பது

அழைப்புப் பட்டியல் நம் வீடுகளில் எப்படி எழுதப்படுகிறது? அக்கா கல்யாணத்து மொய் நோட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு அம்மா சொல்லச் சொல்ல, தங்கை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதுவாள். மூன்றாவது லயத்துப் பெரியம்மா வீடு. பழைய கிராணி குடும்பம். லூனாஸ் சித்தப்பா. வரிக்கு ஒரு வீடு. நூறு வரி வந்ததும், "நூறு பத்திரிகைதான்" என்று அப்பா நிம்மதியாகச் சாய்ந்துகொள்வார்.

அந்தப் பெரியம்மா வீட்டு வரியைப் பிரித்துப் பாருங்கள். பெரியம்மா, பெரியப்பா, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், பேரப்பிள்ளைகள் மூவர். பத்திரிகை ஒன்று, இலை ஒன்பது. லயத்தில் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள் இன்று தாமான் குடியிருப்பு வீட்டிலும் அடுக்குமாடியிலும் பட்டர்வொர்த்திலுமாகப் பிரிந்திருக்கிறார்கள். பத்திரிகையில் "குடும்பத்துடன் வருக" என்று அச்சடித்த பிறகு அவர்களில் யாரை வேண்டாம் என்று சொல்ல முடியும்?

ஆகவே ஒவ்வொரு வரிக்கும் எதிரே எத்தனை தலை என்று எழுதுங்கள். ஓர் இலைக்கு 20 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொண்டால் 150 பேருக்கு 3,000 வெள்ளி. 400 பேருக்கு 8,000. இடையில் நிற்கும் 5,000 வெள்ளி, 2025இல் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்ச மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய மூன்று மாத உழைப்பு. இது சாப்பாட்டுக் கணக்கு மட்டுமே. தாம்பூலப் பையும் நாற்காலி வாடகையும் பெரிய மண்டபத்துக்குப் பெரிய மேடை அலங்காரமும் தனி.

எண்ணிக்கையை இரு வீட்டாரும் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடிக்க வேண்டும். "எங்கள் பக்கம் எண்பது, உங்கள் பக்கம் எண்பது" என்று நிச்சயதார்த்தத் தட்டு மாற்றும்போதே சொல்லிவிடுங்கள். "நாங்கள் கொஞ்சம் கூடுதலாக வருவோம்" என்ற பேச்சைச் சிரித்து விட்டுவிட்டால், அந்தக் கொஞ்சம் என்பது எவ்வளவு என்று பந்தியில்தான் தெரியவரும்.

அழைக்காமல் விடுவதில் உள்ள சங்கடத்தை நான் லேசாக எண்ணவில்லை. நம் வீட்டு விசேஷத்தில் மொய் எழுதியவர், நம் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சோறு கொண்டுவந்தவர் எல்லாரும் இதே தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதையை முகூர்த்த விருந்திலேயே செய்தாக வேண்டும் என்பதில்லை. நெருங்கிய உறவோடு கோயிலில் தாலி கட்டி முடித்துவிட்டு, அடுத்த வாரமோ அடுத்த மாதமோ அதே தோட்டத்துக் கோயிலில் ஓர் அர்ச்சனையும் அன்னதானமும் வைத்து மணமக்கள் கையால் பரிமாறச் செய்யுங்கள். சாம்பார், இரண்டு காய், அப்பளம், பாயசம் போதும். மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டியதில்லை. வயதானவர்கள் வீட்டுக்கு மட்டும் முன்கூட்டியே வெற்றிலை பாக்கோடு நேரில் போய், "முகூர்த்தத்தைச் சின்னதாக வைத்திருக்கிறோம் பாட்டி, அன்னதானத்துக்கு நீங்கள் முன்னால் நிற்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். பிறர் வாயால் கேள்விப்பட்டால்தான் அவர்களுக்கு மனம் நோகும்.

பஞ்சாங்கத்தை மட்டும் பார்த்து நாள் குறிப்பது

ஆடியும் மார்கழியும் கழிந்தால், எல்லாரும் தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களையே பிடிக்கப் பார்க்கிறார்கள். அந்த நாள்களில் மேளக்காரரும் சமையற்காரரும் புகைப்படக்காரரும் சொன்னதே விலை. கெடாவில் இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கிலும் பேராக்கிலும் சிலாங்கூரிலும் சனியும் ஞாயிறும். இரு பக்கத்துக்கும் பொதுவான ஒரே நாள் சனிக்கிழமை என்பதால் எல்லாரும் அதற்கே போட்டி போடுகிறார்கள். ஞாயிறு என்று குறித்தால் உள்ளூர் ஆசிரியருக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்.

சின்னக் கல்யாணம் செய்பவர்கள் வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தத்தைக் கட்டாயம் யோசித்துப் பார்க்க வேண்டும். மங்கலமான நாள். உள்ளூரில் பலருக்கு விடுமுறை. சனிக்கிழமையைவிட மண்டபமும் ஆள்களும் கிடைப்பது எளிது. வெளிமாநிலத்திலிருந்து உண்மையாகவே வர வேண்டியவர்கள் விடுப்பு எடுத்து வந்துவிடுவார்கள்.

பதிவைத் தள்ளிப் போடுவது

செலவே இல்லாத, ஆனால் எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு இது. கோயிலில் தாலி கட்டி, கோயில் நிர்வாகம் கொடுத்த ஒரு தாளை வாங்கி வைத்துக்கொண்டு, "பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவது. திருமணம், மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1976, நடப்புக்கு வந்தது 1982 மார்ச் 1ஆம் தேதி. அன்றிலிருந்து முஸ்லிம் அல்லாதாரின் கல்யாணம் சமயச் சடங்கோடு மட்டும் முடிந்தால் சட்டத்தின் கண்ணில் அது கல்யாணமே ஆகாது. கணவருக்கு வேலையிடத்தில் ஏதாவது ஆகி, சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் உதவித்தொகைக்கு மனைவி போய் நிற்கும்போதும், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் எழுத வேண்டியிருக்கும்போதும்தான் இதன் கனம் தெரியும். தோட்டப்புறங்களில் பத்திரமில்லாமல் அலைகிற பிள்ளைகள் பலரின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

தேசியப் பதிவுத் துறையில் இருவரும் நேரில் போய் விண்ணப்பிக்க வேண்டும். அறிவிப்பு 21 நாள் ஒட்டப்பட்டிருக்கும். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் திருமணம் செய்துகொள்ளலாம் என்ற சான்றிதழ் கிடைக்கும். அறிவிப்பு வெளியான ஆறு மாதத்துக்குள் திருமணம் நடந்தாக வேண்டும். தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. மணமக்களில் யாருக்காவது 21 வயது நிறையவில்லை என்றால் பெற்றோர் சம்மதமும் தேவை. ஆகவே பத்திரிகை அச்சுக்குக் கொடுக்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள். சில கோயில்களில் திருமண உதவிப் பதிவாளர் இருப்பார். அப்படி இருந்தால் மணவறையிலேயே கையெழுத்துப் போட்டுவிடலாம். அவருடைய நியமனம் நடப்பில் இருக்கிறதா என்று பதிவுத் துறையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பதிவை முதலிலேயே முடிக்கும் வீடுகளில் வேறொரு பழக்கம் வளர்ந்து வருகிறது. பதிவு நாளுக்கு ஒரு விருந்து, மருதாணிக்கு ஓர் இரவு, நலங்குக்கு ஒரு சாப்பாடு, முகூர்த்தம், பிறகு கேக் வெட்ட ஒரு வரவேற்பு. ஒரே ஆள்களுக்கு ஐந்து முறை சோறு போடுகிறோம். பதிவு நாளில் வீட்டோடு ஒரு தேநீர் போதும்.

மொய்யை நம்பிக் கடன் வாங்குவது

"மொய் வந்தால் அடைத்துவிடலாம்" என்ற கணக்கு பொய்த்துப் போவதற்குக் காரணம் எளிது. பணம் கேட்பவர்கள் கல்யாணத்தன்று மாலைக்குள் கேட்பார்கள்; மொய் உறைகளைப் பிரித்து எண்ணி முடிக்க நள்ளிரவாகும். அதிலும் வந்த மொய்யில் பாதி நாம் முன்பு எழுதியது திரும்பி வருவது. மீதி நாம் இனி எழுத வேண்டியது. வரவு என்று அதை எழுதவே கூடாது.

அவசரத்துக்குக் கைநீட்டும் இடங்களில், உரிமமில்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங் மிக மோசமானவர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உரிமம் பெற்றுக் கடன் கொடுப்பவர்கள் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது; அடமானம் உள்ளதற்கு 12. மாதத்துக்கு 10 விழுக்காடு என்று யாராவது சொன்னால் அவர் யார் என்று விளங்கிவிடும். பலர் மாதாமாதம் பணம் போட்டு முறைவைத்து எடுத்துக்கொள்ளும் கூட்டுப் பணத்தை நம்பி நாள் குறிப்பதும் தவறு. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் தடுக்கிறது. கூட்டு பிடித்தவர் கையை விரித்துவிட்டால், கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது யாரிடம் போய் முறையிடுவீர்கள்?

ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் திறந்த நெகிழ்வுக் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால், இப்போது பல இளைஞர்கள் அதைத்தான் முதலில் துடைக்கிறார்கள். ஆலோங்கைவிட ஆயிரம் மடங்கு மேல்தான். ஆனால் கல்யாணம் முடிந்த மாதமே வீட்டு முன்பணமும் அடுப்பும் மெத்தையும் வேண்டியிருக்குமே, அதற்கு என்ன செய்வது? வீட்டில் இருக்கும் நகையை அடகு வைப்பது பல நேரங்களில் மேல். அடகுக் கடை மாதத்துக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடியாது. மீட்கும் தேதியை மட்டும் நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

நகை, துணி விஷயத்தில் இரண்டே வார்த்தை. தாலியைத் தவிர மற்ற நகைகளை வாடகைக்கு எடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை. பட்டு மலிவு என்று நான்கு பேராகத் தமிழ்நாட்டுக்கு விமானம் ஏறுவதைவிட, பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு பகல் நடந்தால் போதும்.

பேச்சை நம்பி முன்பணம் கொடுப்பது

"நம்ம பையன்தான்" என்று சொல்லி அலங்காரக்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, மணவறை வந்த பிறகு முகம் சுளிப்பதில் பயனில்லை. எத்தனை மணிக்கு வருவார், பூ நிஜமா துணியா, வாழைமரமும் குத்துவிளக்கும் அவர் பொறுப்பா நம்முடையதா, நாள் தள்ளிப்போனால் முன்பணம் திரும்புமா என்று வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது முக்கியம். ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளுக்கு வழக்கறிஞர் வேண்டாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான். கையில் ரசீது இல்லாமல் அங்கே போய் என்ன பேசுவது?

சமையலில், வீட்டு ஆள்களை வைத்தே சமைக்கலாம் என்று இறங்குபவர்கள் அண்டா, விறகு, எரிவாயு, பாத்திரம் கழுவும் ஆள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். ஒரு கிலோ அரிசி எட்டிலிருந்து பத்துப் பேருக்குத் தாராளமாக வரும். "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டு மடங்கு உலை வைத்துவிட்டுப் பின்னேரம் குழி தோண்டிக் கொட்டுகிற காட்சியை நம் தோட்டங்களில் பார்க்காதவர் இல்லை. அரிசியைக் கணக்காக வடித்து, தீர்ந்தால் போடுவதற்கு ஐந்து கிலோவைத் தனியாக ஊறவைத்துக்கொள்வதுதான் கைதேர்ந்தவர் முறை. மலாய்க்கார அண்டைவீட்டாரும் வேலையிடத்து நண்பர்களும் வருவதாக இருந்தால், தலையை எண்ணி ஹலால் சாப்பாட்டைத் தனியே சொல்லிவிடுங்கள். இருபது பேருக்காக முழு விருந்தையும் மாற்ற வேண்டாம்.

மதுவை அறவே விட்டுவிடுங்கள். பட்ஜெட்டில் எந்த வரியிலும் இல்லாமல், மாப்பிள்ளையின் அண்ணன் தலையில் விழுகிற செலவு அது. பிறகு நடக்கிற சண்டைக்குப் பெண்ணின் அம்மா அழுகிறாள். கொடுக்காவிட்டால் கோபித்துக்கொள்ளும் ஆள் கோபித்துக்கொள்ளட்டும்.

கல்யாணத்தன்று பணத்தை யார் கையில் வைத்திருப்பது என்பதையும் பலர் யோசிப்பதில்லை. தாரை வார்க்க உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் நாதஸ்வரக்காரர் வந்து குனிந்து நிற்பார். முந்தின இரவே மேளம், ஐயர், சமையல், மண்டபத் துப்புரவு என்று உறைமேல் எழுதி, மீதித் தொகையை எண்ணிப் போட்டு, சடங்கில் வேலையில்லாத ஒரு சித்தியிடமோ அத்தையிடமோ கொடுத்துவிடுங்கள். மொய் மேசையில் உட்காருபவர் வேறு ஆளாக இருக்கட்டும். மொய்ப் பெட்டியிலிருந்து அன்றைக்கு ஒரு காசும் செலவுக்கு எடுக்க வேண்டாம். கொடுத்து முடித்த ஒவ்வோர் உறையின் பின்புறத்திலும் வாங்கியவரின் கையெழுத்து இருக்க வேண்டும்.