ராஸ்பெரி பையில் எல்இடி, மோட்டார் இணைக்கும் முன்

ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினிக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும் போட்டால் பாதி வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும். சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையில் மின்னல் குறி தெரியும். காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆகிறதா? மெமரி கார்டைத் திட்டுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

ஜிபிஐஓ பின்கள், அதாவது வெளிக் கருவிகளை இணைக்கப் போர்டில் இருக்கும் ஊசிகள், 3.3 வோல்ட்டுக்கானவை. 5 வோல்ட் சிக்னலை நேரடியாகக் கொடுத்தால் சிப்பே போய்விடலாம். ஃபியூஸ் எதுவும் அங்கே காப்பாற்றாது.

எல்இடிக்கு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 330 ஓம் ரெசிஸ்டரைத் தொடரிணைப்பில் வையுங்கள். சிவப்பு எல்இடி ஏறத்தாழ 2 வோல்ட் எடுக்கும், மீதி 1.3 வோல்ட்டை 330-ஆல் வகுத்தால் சுமார் 4 மில்லி ஆம்பியர். வெளிச்சத்துக்கு அதுவே தாராளம். நீளக் கால் ஜிபிஐஓ பின் இருக்கும் பக்கத்துக்கு, குட்டைக் கால் கிரவுண்டுக்கு (மைனஸ் பக்கம், GND பின்). மாற்றிப் போட்டால் எரியாது, அவ்வளவுதான்.

மோட்டாரை மட்டும் ஜிபிஐஓ பின்னில் நேரடியாக மாட்டவே கூடாது. பின் தரும் சிக்னலைக் கொண்டு மோட்டாருக்குப் பேட்டரி மின்சாரத்தை விடும் டிரைவர் போர்டு, தனி பேட்டரி இரண்டும் தேவை. பேட்டரியின் மைனஸையும் ராஸ்பெரி பையின் கிரவுண்டையும் இணைக்க மறந்தால் மோட்டார் சுற்றாது, அல்லது தாறுமாறாக உதறும். வயரைத் தொடுமுன் பவரை அணைத்துவிடுங்கள்.