டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளையின் மனசையும் பாருங்கள்

என் மகளுக்கு ஒன்பது வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. தினம் நாலு இன்சுலின் ஊசி, விரலில் குத்திச் சுகர் பார்ப்பது எல்லாம் சீக்கிரமே பழகிவிட்டது, ஆனால் முதல் இரண்டு வருடம் அவள் மனசை நான் கவனிக்கவே இல்லை. நீண்டகால நோயுள்ள பிள்ளைகளுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அதனால் முன்கூட்டியே சிலவற்றைச் செய்துவிடுங்கள்.

முதலில், சுகர் மீட்டரில் வரும் எண்ணைப் பரீட்சை மார்க் மாதிரி பார்ப்பதை நிறுத்துங்கள். 280 என்று காட்டியதும் "என்னத்தத் தின்ன?" என்று கேட்டால் அடுத்த முறை பிள்ளை எண்ணை மறைக்கும், பொய் சொல்லும், அந்தக் குற்ற உணர்ச்சியையும் சேர்த்துச் சுமக்கும். காய்ச்சல், பரீட்சை பயம், வளரும் வயதின் ஹார்மோன், ஒரே இடத்தில் ஊசி போட்டுப் போட்டுத் தோல் தடித்துப்போவது, இப்படி எதனாலும் சுகர் ஏறலாம். "சரி, 280 இருக்கு, இப்ப என்ன செய்யலாம்?" இவ்வளவு கேட்டால் போதும்.

இந்த நோய் மிட்டாய் தின்று வந்ததல்ல, உடம்பின் எதிர்ப்பு சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்ததால் வந்தது என்று பிள்ளையிடம் தெளிவாகச் சொல்லுங்கள். "ஐயோ பாவம், பொம்பளப் புள்ளைக்கு இப்படியா" என்று சொந்தக்காரர்கள் ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். வெளியே சொல்லாதே என்று நான்தான் மகளிடம் சொல்லி வைத்திருந்தேன், அவள் பள்ளிக் கழிப்பறையில் நின்று தனியாக ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். நான் வெட்கப்படுகிறேன் என்றுதான் அவளுக்குப் புரிந்திருக்கிறது. வகுப்பு டீச்சரிடமும் நெருங்கிய தோழிகளிடமும் சொன்ன பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. விளையாட்டு வகுப்பிலிருந்தும் விலக்காதீர்கள், முன்னால் சுகர் பார்த்துவிட்டு, சுகர் இறங்கினால் சாப்பிடக் கையில் குளுக்கோஸ் கொடுத்து அனுப்புங்கள்.

பதின்மூன்று வயதானதும் "இனி நீயே பார்த்துக்கோ" என்று மொத்தமாகக் கைகழுவுவதும் தப்பு. வாரத்தில் ஒரு நாளாவது ஊசி, மருந்தளவுக் கணக்கு எல்லாவற்றையும் நீங்கள் எடுத்துக்கொண்டு பிள்ளைக்கு ஓய்வு கொடுங்கள்.

பிள்ளைகளின் மனச்சோர்வு அழுகையாகத்தான் வரும் என்றில்லை, எரிச்சலாகவும் வரும். சுகர் 70-க்குக் கீழே போனாலும் எரிந்து விழுவார்கள், அதனால் முதலில் மீட்டரைப் பாருங்கள். சுகர் சரியாக இருந்தும் இரண்டு வாரமாகத் தூக்கம், பசி, விளையாட்டு எல்லாம் மாறியிருந்தால் டாக்டரிடம் மனசைப் பற்றியும் பேசுங்கள். வேண்டுமென்றே ஊசியைத் தவிர்த்தால் அதை அடம் என்று விடாதீர்கள், சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், இன்சுலினை உங்கள் கையில் வைத்துக்கொண்டு வேளாவேளைக்கு நீங்களே போட்டுவிடுங்கள், உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.