ரூட்டை எழுத முடியாதபடி பூட்டுவது எப்படி

எஸ்டி கார்டில் ஓடும் சிறு பலகைக் கணினிகளில் கார்டு கெடுவதற்கு முக்கியமான காரணம், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது. ஒரு சின்ன மாற்றத்துக்கே கார்டின் கன்ட்ரோலர் பெரிய பிளாக் ஒன்றை இடம் மாற்றி எழுத நேரிடும். அந்த நொடியில் கரண்ட் போனால் நீங்கள் தொடாத கோப்பும் சேர்ந்து போய்விடும். லினக்ஸ் அமைப்பு இருக்கும் ரூட் பகுதியை வாசிக்க மட்டும் மவுண்ட் செய்வது (கணினியோடு இணைப்பது) இதற்கு நல்ல காப்பு. இதைத்தான் இங்கே பூட்டுவது என்கிறேன்.

ராஸ்பெரி பை பலகையில் ராஸ்பி கான்ஃபிக் என்ற அமைப்பு நிரல் மூலம் ஓவர்லேயை (கார்டின் மேல் ரேமில் ஓர் அடுக்கு) இயக்குவது எளிய வழி. எழுதுவதெல்லாம் ரேமுக்குப் போகும், ரீபூட் செய்தால் மறையும். ஆனால் எந்த நிரல் எழுதுகிறது என்பதும் அதோடு மறைந்துவிடும். லாக் (நிகழ்வுப் பதிவு) வளர்ந்து வளர்ந்து ரேமை நிரப்பும். பல நாள் கழித்து, இடமில்லை என்ற பிழையோடு சேவைகள் நிற்கும். மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓட வேண்டிய கருவிக்குக் கையால் பூட்டுவதே நல்லது.

பூட்டுவதற்கு முன் யார் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். எல்லாச் சேவைகளையும் ஒரு நாள் ஓடவிட்டு, கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையில் எக்ஸ்டெவ் விருப்பத்தையும் (வேறு பகுதிகளுக்குள் போகாமலிருக்க) எம்டைம் மதிப்பாக மைனஸ் 1-ஐயும் கொடுங்கள். கடந்த 24 மணி நேரத்தில் மாறிய கோப்புகள் வரிசையாக வரும். அந்தப் பட்டியல்தான் இனி உங்கள் வேலை.

ஸ்வாப் கோப்பு (ரேம் போதாதபோது கார்டில் பயன்படும் இடம்) இருந்தால் நிறுத்துங்கள். தற்காலிகக் கோப்புகளின் அடைவையும் லாக் அடைவையும் டெம்ப்எஃப்எஸ் (ரேமில் இருக்கும் கோப்பு முறைமை) ஆக்கி, அளவை 32 எம்பி, 16 எம்பி என்று குறிப்பிடுங்கள். அளவு சொல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ரேமில் பாதி வரை வளரலாம். தற்காலிக அடைவுக்கு அனுமதி 1777 (எல்லோரும் எழுதலாம், பிறர் கோப்பை அழிக்க முடியாது). லாக் சேகரிக்கும் ஜர்னல்டி சேவையின் அமைப்பில் சேமிப்பை வோலடைல் (ரேமில் மட்டும்) என்று மாற்றுங்கள். கருவி தொடங்கும் ஒவ்வொரு முறையும் லாக் அடைவு காலியாக வரும் என்பதால், என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்) போன்றவை தங்கள் துணை அடைவைக் காணாமல் கிளம்ப மறுக்கும். அதை உருவாக்கும் வரியை, தொடக்கத்தில் அடைவுகளை உருவாக்கும் டெம்ப்ஃபைல்ஸ் அமைப்பில் சேருங்கள். மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கும் ஏப்டியின் தினசரி டைமர்களையும் அணையுங்கள்.

எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து நுழையும் சேவை) ஹோஸ்ட் சாவிகளும் மெஷின் ஐடியும் (கருவியின் தனி அடையாள எண்) பூட்டுவதற்கு முன்பே உருவாகியிருக்க வேண்டும். மெஷின் ஐடி காலியாக இருந்தால் கருவி தொடங்கும் ஒவ்வொரு முறையும் புதிது பிறக்கும். ஐபி முகவரியும் மாறக்கூடும்.

பலர் தவறவிடுவது கடிகாரம். ஆர்டிசி (கரண்ட் இல்லாதபோதும் நேரம் காக்கும் சிப்) இல்லாத பலகை, கடைசி நேரத்தைக் கோப்பில் எழுதிவைத்து, அடுத்த முறை அதிலிருந்துதான் தொடங்கும். ரூட்டைப் பூட்டிய பிறகு அது எழுத முடியாது. எனவே ஒவ்வொரு முறையும் நேரம், நீங்கள் ரூட்டைப் பூட்டிய நாளுக்கே திரும்பும். என்டிபி மூலம் இணையத்திலிருந்து சரியான நேரம் வரும்வரை, பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியலாம். டிஎஸ்3231 என்ற ஆர்டிசி சிப் ஒன்றைப் பலகையின் ஐ2சி பின்களில் இணைத்து, அமைப்பிலும் இயக்கினால் தீரும்.

இப்போது எஃப்எஸ்டேப்பில் (மவுண்ட் பட்டியல் கோப்பு) ரூட், பூட் இரண்டு பகுதிக்கும் ஆர்ஓ (வாசிக்க மட்டும்) சேருங்கள். கர்னல் கட்டளை வரியிலும் ஆர்ஓ போடுங்கள். பிறகு முறையாக ஷட்டவுன் செய்யுங்கள். கரண்டைப் பிடுங்கினால், ரூட்டின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை வைத்திருக்கும் ஜர்னலில் (மாற்றக் குறிப்பு) மிச்சம் இருக்கும். ஆர்ஓ மவுண்டாக இருந்தாலும் கருவி அடுத்த முறை தொடங்கும்போது அது கார்டில் எழுதப்படும்.

சேமித்தே ஆக வேண்டிய தரவுக்குத் தனிப் பகுதி ஒதுக்கி, நோஃபெயில் விருப்பத்தோடு மவுண்ட் செய்யுங்கள்; அது கெட்டாலும் கருவி பூட் ஆகும். நிரலில், தற்காலிகக் கோப்பில் எழுதி எஃப்சிங்க் செய்த (கார்டில் பதிவாகும்வரை காத்திருந்த) பிறகே பழைய பெயருக்கு மாற்றுங்கள்.

சோதிக்க, ரூட்டில் ஒரு கோப்பை உருவாக்கிப் பாருங்கள். பிழை வர வேண்டும். பிறகு 20 முறையாவது கரண்டைப் பிடுங்கிச் செருகுங்கள்.

அப்டேட் செய்ய ரூட்டை ஆர்டபிள்யூ (வாசிக்கவும் எழுதவும்) ஆக ரீமவுண்ட் செய்யலாம். திரும்ப ஆர்ஓ ஆக்கும்போது "பிஸி" என்று மறுத்தால், அழிக்கப்பட்ட பழைய லைப்ரரியை ஏதோ ஒரு சேவை இன்னும் திறந்து வைத்திருக்கும். எல்எஸ்ஓஎஃப் கட்டளை அதைக் காட்டும். தேடிக்கொண்டிருப்பதைவிட ரீபூட் செய்வது விரைவு.